சாடையாகச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் எத்தனையோ சொல், செய்தியில் மட்டும் ஏன் ஒன்று?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து நீங்கள் போடும் செய்திகளையும், மாணவர் பகுதியில் வரும் ஆங்கிலப் பாடத்தையும் விடாமல் வாசிக்கிறவள் நான். முள்ளியவளையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன், பின்னேரங்களில் சனசமூக நிலையத்தில் பெரியவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுக்கிறேன். செய்தியிலும் பாடத்திலும் ஒரே குறை எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஒருவர் நேரே சொல்லாமல் சாடையாக ஒன்றைச் சொன்னால் அதைக் குறிக்க ஆங்கிலத்தில் இம்ப்ளை, ஹின்ற், சஜெஸ்ற், அலூட், இன்சினுவேற் என்று வரிசையாகச் சொற்கள் இருக்கின்றன, ஒவ்வொரு சொல்லும் சொன்னவரைப் பற்றி வேறு வேறு அபிப்பிராயத்தை வாசிக்கிறவர் மனதில் போடுகிறது, ஆனால் தமிழுக்கு வரும்போது எல்லாம் ‘மறைமுகமாகத் தெரிவித்தார்’ என்று ஆகிவிடுகின்றன. உங்கள் பத்திரிகையில் மட்டும் இல்லை, எல்லாப் பத்திரிகையிலும் இப்படித்தான். மாணவர் பகுதியிலோ இந்தச் சொற்களே வருவதில்லை, நிகழ்காலம் இறந்தகாலம் தாண்டி அந்தப் பாடம் போகிறதில்லை.

இது ஆங்கில ரீச்சர்மாரின் நுணுக்கப் பிரச்சினை என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. வன்னியில் எங்களுடைய வாழ்க்கை நிறைய ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் வந்துவிட்டது, ஆங்கிலம் இணைப்பு மொழி மட்டும்தான். ஆனாலும் தொண்டு நிறுவனத்தின் அறிக்கை, வெளிநாட்டுத் தூதுவர் வந்து போன குறிப்பு, ஐ.நா. ஆவணம் எல்லாம் ஆங்கிலத்தில் போகின்றன. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சியில் வந்து அமர்ந்தபோதும், அதற்குப் பின் வந்த ஆணைக்குழுக்களிலும், எங்கள் தாய்மார் தமிழில் சொன்னார்கள், இன்னொருவர் அதை மொழிபெயர்த்தார், அது அறிக்கையாகி, பிறகு அந்த அறிக்கை செய்தியாகித் தமிழில் எங்களிடமே திரும்பி வந்தது. இரண்டு தடவை கை மாறுகிற பேச்சு. அந்த இரண்டு இடத்திலும் எந்த வினைச்சொல்லைப் போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு தாய், “அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போனவைக்குத்தான் என்ர பிள்ளை எங்கே எண்டு தெரியும்” என்று சொல்கிறா என்று வைத்துக்கொள்வோம். வன்னியில் யாரும் கேட்டிருக்கக் கூடிய வசனம்தான். இதை ஆங்கிலத்தில் எப்படி அறிவிக்கலாம் என்று பாருங்கள். ‘இம்ப்ளை பண்ணினா’ என்று எழுதினால், அவர்களே பொறுப்பு என்ற கருத்து அவவின் வார்த்தைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று பொருள், நல்லது கெட்டது எதுவும் ஒட்டவில்லை. ‘ஹின்ற் பண்ணினா’ என்றால் அவவுக்கு இன்னும் தெரியும், கொஞ்சத்தை மட்டும் வேண்டுமென்றே கோடி காட்டுகிறா, மிச்சத்தை வைத்திருக்கிறா என்று வாசிக்கிற அதிகாரி நினைப்பார். ‘அலெஜ் பண்ணினா’ என்றால் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினா, ஆனால் இன்னும் நிரூபிக்கவில்லை. ‘இன்ஃபேர் பண்ணினா’ என்று எழுதினாலோ, நேரில் அறிந்து சொல்லவில்லை, கண்டதையும் கேட்டதையும் வைத்துத் தானாக ஒரு முடிவுக்கு வந்தா என்று ஆகிறது, சாட்சியத்தின் பலமே குறைந்து போகிறது. ‘இன்சினுவேற் பண்ணினா’ என்று ஒருவர் எழுதிவிட்டால் கதை முடிந்தது: நேரே சொல்லத் துணிவில்லாமல் தந்திரமாகப் பிறர் மேல் பழி போடுகிற பெண்ணாக அந்தத் தாய் காகிதத்தில் மாறிவிடுகிறா. அவ சொன்னது ஒரே வசனம், அதில் ஒரு எழுத்தும் மாறவில்லை. இதைத்தான் நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

இந்தச் சொற்களைத் தமிழ்ப் பிள்ளைக்குப் படிப்பிக்கிறது கஷ்டம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாங்கள் நாள் முழுக்கச் சாடையாகக் கதைக்கிற சனம். சாடைமாடையாகச் சொல்வது, கோடி காட்டுவது, பொடி வைத்துக் கதைப்பது, குத்திக் கதைப்பது, பூடகமாகச் சொல்வது, சுற்றி வளைப்பது என்று எங்களிடம் இல்லாத வகையா? மாமி பூனைக்கு ஏசினால் அது யாருக்கு ஏசுகிறது என்று வீட்டில் உள்ள சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அந்தப் பிள்ளைக்கு ‘ஹின்ற்’ என்றால் கோடி காட்டுவது, ‘இன்சினுவேற்’ என்றால் பொடி வைத்துக் கதைப்பது, ‘அலூட்’ என்றால் பெயர் சொல்லாமல் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவது என்று சொன்னால் அந்த நிமிடமே பிடித்துக்கொள்ளும். அகராதியைப் பார்த்து ‘மறைமுகமாகக் குறிப்பிடு’ என்று ஐந்து சொல்லுக்கும் ஒரே விளக்கம் எழுதிக் கொடுத்தால்தான் பிள்ளை குழம்பும்.

இலக்கணத்திலும் எங்களுக்குத் தயாராக இடம் இருக்கிறது. நன்னூல் சொற்களை வெளிப்படை என்றும் குறிப்பு என்றும் பிரிக்கிறது. ஆங்கிலத்தில் எக்ஸ்பிளிசிற், இம்ப்ளிசிற் என்று உயர்தரப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற சோடி அதுதான், வேறு ஒன்றும் இல்லை. அகப்பாட்டில் உள்ளுறை, இறைச்சி என்று தொல்காப்பியம் பேசுவதும், சொல்ல வந்ததை மறைத்து வேறொன்றைச் சொல்லி விளங்கவைக்கிற பிறிது மொழிதல் அணியும், வஞ்சப் புகழ்ச்சியும் தமிழ்ப் பாடத்தில் வருகின்றன. அதிகமானுக்காகத் தூது போன ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, இவை பீலி அணிந்து மாலை சூடி நெய் பூசிக் காவல் உள்ள மாளிகையில் இருக்கின்றன, அதிகமானுடையவோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடிய புறநானூற்றுப் பாட்டு எல்லாரும் படித்ததுதான். உன் ஆயுதம் போரைக் கண்டதில்லை என்று ஒரு வார்த்தையும் அவ சொல்லவில்லை. ஔவை செய்தது இம்ப்ளை, அதைக் கேட்டு விளங்கிக்கொண்டால் தொண்டைமான் செய்தது இன்ஃபேர். ஆங்கிலப் பாடத்தில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. தமிழ் ரீச்சரும் ஆங்கில ரீச்சரும் ஒரே அறையில் இருந்துகொண்டு இதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை என்பதுதான் எனக்கு மனவருத்தம்.

இம்ப்ளை சொல்கிறவர் பக்கம், இன்ஃபேர் கேட்கிறவர் பக்கம். இதை மாற்றிப் போடுகிறவர்கள் ஆங்கிலேயரிலும் உண்டு, பழைய எழுத்தாளர்கள் சிலரும் இன்ஃபேரை இம்ப்ளை என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள், அகராதிகளும் அதைப் பதிந்து வைத்திருக்கின்றன. ஆனாலும் சோதனைத் தாளிலும் வேலைக்கு எழுதுகிற கடிதத்திலும் அது பிழையாகத்தான் எடுக்கப்படும் என்பதால் பிள்ளைகள் பிரித்தே பழகட்டும். இம்ப்ளை என்ற சொல்லின் இலத்தீன் வேருக்கு உள்ளே மடித்து வைத்தல் என்று பொருள், இன்ஃபேரின் வேருக்கு உள்ளே கொண்டு வருதல். அலூட் என்பதன் வேரில் விளையாட்டு இருக்கிறது. இன்சினுவேற்றின் வேர் வளைவு, நெளிவு. வேரைச் சொன்னால் சொல் மறக்காது என்பது என் அனுபவம்.

சஜெஸ்ற் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் சேதம் அதில்தான். எங்கள் பிள்ளைகளுக்கு அதன் ஒரே அர்த்தம் ‘ஆலோசனை சொல்’. செய்தி மொழிபெயர்க்கிறவர்களுக்கும் அப்படித்தான் போல. ஓர் ஆய்வறிக்கை இன்னது நடந்திருக்கலாம் என்று ‘சஜெஸ்ற் பண்ணுகிறது’ என்றால், கிடைத்த சான்றுகள் அப்படி எண்ண இடம் தருகின்றன என்பதுதான் பொருள். அதைத் தமிழில் ‘அறிக்கை பரிந்துரைக்கிறது’ என்று எழுதினால் வசனமே விசராகிப் போகும். நடந்த ஒன்றை யார் பரிந்துரைப்பார்கள்? ஆங்கிலத்தில் சஜெஸ்ற், இன்டிகேற், ஷோ, ப்ரூவ் என்று படிப்படியாக ஏறுகிற பலம் இருக்கிறது. எண்ண இடமளிக்கிறது, சுட்டுகிறது, காட்டுகிறது, நிரூபிக்கிறது என்று தமிழிலும் அதே படிகளை வைக்கலாம், சொல் இருக்கிறது. இன்னொன்று, சஜெஸ்ரிவ் என்ற பெயரடையைப் பற்றிப் பிள்ளைகளை எச்சரிக்க வேண்டும். ‘குறிப்பால் உணர்த்துகிற’ என்று அகராதியில் பார்த்துவிட்டு, அதிபரின் பேச்சு மிகவும் சஜெஸ்ரிவாக இருந்தது என்று ஒரு பிள்ளை நல்ல எண்ணத்தோடு எழுதினால், ஆங்கிலம் தெரிந்தவர் அதை ஆபாசமாகப் பேசினார் என்று எடுக்கக்கூடும். இன்று அந்தச் சொல் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது.

2011இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு இறுதிப் போரைப் பற்றி எழுதிய அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நம்பகமான குற்றச்சாட்டுகளைக் கண்டோம், அவை நிரூபிக்கப்பட்டால், இரு தரப்பும் பாரதூரமான மீறல்களைச் செய்ததை அவை சுட்டும் என்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து வைத்துத்தான் அவர்கள் எழுதினார்கள். ‘நம்பகமான’ என்ற சொல்லுக்கு ஒரு பாரம், ‘நிரூபிக்கப்பட்டால்’ என்பதற்கு ஒரு பாரம், ‘சுட்டும்’ என்பதற்கு வேறொரு பாரம். அதைத் தமிழில் ‘குழு உறுதிப்படுத்தியது’ என்று எழுதினால் இல்லாததைக் கூட்டுகிறோம், ‘குழு குற்றம் சாட்டியது’ என்று மட்டும் எழுதினால் இருந்ததைக் குறைக்கிறோம். அந்த மாதங்களில் இங்கே இருந்த சனத்துக்கு இரண்டும் நியாயம் செய்யாது. நாங்கள் பட்டது எங்களுக்குத் தெரியும், ஆனால் ஒரு ஆவணம் எங்களைப் பற்றி எவ்வளவு தூரம் சொல்லியிருக்கிறது, எங்கே நிறுத்தியிருக்கிறது என்று சரியாகத் தெரிந்தால்தான் அடுத்ததாக எதைக் கேட்பது என்று தெரியும்.

அப்புறம் கொனோற் என்று ஒரு சொல். ஒரு பெயர் சுட்டுகிற பொருள் ஒன்று, அதோடு கூடவே வருகிற மணம் இன்னொன்று. சுட்டுவதை டினோற் என்பார்கள், கூட வருவதைக் கொனோற் என்பார்கள். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் எங்களை வைத்திருந்த இடத்துக்கு அரசாங்கம் நலன்புரி நிலையம், நலன்புரிக் கிராமம் என்று பெயர் வைத்தது. வெளியே சில மனித உரிமை அமைப்புகள் அதையே தடுப்பு முகாம் என்றன. நாங்கள் வெறுமனே முகாம் என்றோம். இடம் ஒன்றுதான், கம்பி வேலியும் ஒன்றுதான், 2012 செப்டெம்பரில் மூடும்வரை அது அங்கேதான் இருந்தது. எந்தப் பெயரைப் போட்டு எழுதுகிறோமோ அந்தப் பெயர் வாசிப்பவரிடம் பாதிக் கதையைச் சொல்லி முடித்துவிடும். கசப்பான ஒன்றுக்கு இனிப்பான பெயர் வைப்பதை ஆங்கிலத்தில் யூஃபமிசம் என்பார்கள். நன்னூல் இதை இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிறது: சபையில் சொல்லக் கூசுவதை வேறு வார்த்தையால் சொன்னால் இடக்கரடக்கல், மங்கலம் அல்லாததை மங்கலமாகச் சொன்னால் மங்கலம். இறந்தவரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். அதில் அன்பும் மரியாதையும் இருக்கிறது. வேலிக்குள் வைத்திருப்பதை நலன்புரி என்பதில் அந்த அன்பு இல்லை, ஆகவே அதை மங்கலத்தோடு சேர்க்க எனக்கு மனம் வராது.

இதே மாதிரித்தான் ‘மிசிங்’ என்ற சொல்லும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த, காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரில் உள்ளது மிசிங், காணாமல் போன. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் போராட்டம் இருக்கத் தொடங்கிய தாய்மார், காணாமல் ஆக்கப்பட்டோர் என்று சொல்லுங்கள் என்றுதான் கேட்டார்கள். ‘போன’ என்றால் செய்தவன் யாரும் இல்லை, ‘ஆக்கப்பட்ட’ என்றால் யாரோ செய்தார்கள் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது, அதாவது இம்ப்ளை செய்கிறது. ஆங்கிலத்தில் டிஸப்பியர் என்பது தானாக மறைவதைச் சொல்லும் தன்வினை. ஒருவரை இன்னொருவர் மறையச் செய்ததைச் சொல்ல அவர்கள் அந்த வினையையே வளைத்துப் பிறவினையாக்கி எழுத வேண்டி வந்தது, லத்தீன் அமெரிக்காவில் இராணுவ ஆட்சிகளின் காலத்தில் நடந்தவற்றோடு அந்த வழக்கம் பரவியது. எங்களுக்குத் தமிழில் அந்தக் கஷ்டமே இல்லை, போ என்பதை ஆக்கு என்று மாற்றினால் போதும். அவ்வளவு எளிதாக மாற்ற முடிகிற சொல்லைச் செய்தியில் ஒரு நாள் ஆக்கப்பட்டோர் என்றும் மறுநாள் போனோர் என்றும் மாறி மாறிப் போடாதீர்கள் ஐயா. அலுவலகத்தின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் அதன் பெயரைச் சொல்லுங்கள், சனத்தைச் சொல்கிற இடத்தில் சனம் கேட்டதைப் போடுங்கள்.

பத்திரிகைக்காரர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட சொல் ஒன்றும் இருக்கிறது, இன்யுவென்டோ. தலையசைப்பால் சொல்வது என்பது அதன் இலத்தீன் பொருள். அவதூறுச் சட்டத்தில், மேலோட்டமாக வாசித்தால் குற்றமற்றதாகத் தெரிகிற வசனம், சில விசேட விடயங்கள் தெரிந்த வாசகருக்கு மட்டும் கெட்ட பொருள் தருவதை இப்படிச் சொல்வார்கள். இன்னார் நேற்று அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தார் என்பதில் ஒன்றும் இல்லை, அது என்ன வீடு என்று தெரிந்தவருக்கு எல்லாம் இருக்கிறது. குற்றவியல் அவதூறை 2002இல் இலங்கையில் நீக்கிவிட்டார்கள், குடியியல் வழக்குப் போட இன்னும் வழி உண்டு. ‘ஒரு சங்கத்தின் பொருளாளர் புது வீடு கட்டியுள்ளார், சங்கத்தின் கணக்கறிக்கை இன்னும் வெளிவரவில்லை’ என்று இரண்டு உண்மையை அருகருகே வைத்து எழுதுகிற பழக்கம் ஊர்ச் செய்திகளில் பெருகிவருகிறது. இது பச்சை இன்சினுவேஷன். கணக்கில் பிழை இருந்தால் துணிந்து எழுதுங்கள், இல்லையென்றால் வீட்டை விட்டுவிடுங்கள்.

எங்கள் சனத்துக்கு வருகிற கடிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடனுக்கு, வேலைக்கு, வெளிநாட்டு விசாவுக்கு என்று ஆங்கிலக் கடிதங்களைக் கொண்டுவந்து வாசிக்கத் தருவார்கள். ‘மேலதிக நடவடிக்கைகளைப் பரிசீலிக்க நேரிடலாம்’ என்று பணிவாக எழுதியிருக்கும், பரிசீலிக்கத்தானே போகிறார்கள் என்று நிம்மதியாகப் போய்விடுவார்கள். அது மிரட்டல். சொல்லாததில்தான் செய்தி இருக்கிறது. போல் கிரைஸ் என்ற பிரித்தானியத் தத்துவ அறிஞர் 1967இல் ஹார்வர்டில் ஆற்றிய விரிவுரைகளில் இதை இம்ப்ளிகேச்சர் என்ற பெயரில் விளக்கினார். தத்துவம் படிப்பிக்கிற வேலைக்கு விண்ணப்பித்த மாணவனைப் பற்றி ஆசிரியர் நற்சான்று எழுதுகிறார், இவருடைய ஆங்கிலம் சிறப்பு, வகுப்புக்கு ஒழுங்காக வந்தார், அவ்வளவுதான். தத்துவத்தில் எப்படி என்று ஒரு சொல்லும் இல்லை. தேவையான அளவு சொல்ல வேண்டிய இடத்தில் ஒருவர் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அந்தக் குறைவே ஒரு செய்தி என்கிறார் கிரைஸ். எங்கள் ஊரில் பொம்பிளை பார்க்கப் போய்விட்டு வந்தவர்களிடம் எப்படி என்று கேட்டால், “வீடு வாசல் நல்லது, தேத்தண்ணியும் நல்லாய்த் தந்தவை” என்று சொல்வார்கள், அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது என்று எல்லாருக்கும் தெரியும். தமிழில் இவ்வளவு சுலபமாகப் பிடிக்கிற அதே சனம் ஆங்கிலக் கடிதத்தில் ஏமாறுகிறது என்றால் குறை அவர்களுடைய அறிவில் இல்லை, நாங்கள் படிப்பித்த ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

ஆகவே ஐயா, மாணவர் பகுதியில் வாரம் ஒரு சொல் போடுங்கள். இம்ப்ளையில் தொடங்கலாம். சொல், அதற்கு எங்கள் பேச்சில் உள்ள சொல், எந்த முன்னிடைச்சொல்லோடு வரும் (ஹின்ற்றுக்குப் பின் அற், அலூட்டுக்குப் பின் ரூ, இன்ஃபேருக்குப் பின் ஃப்ரொம்), இரண்டு வசனம், அவ்வளவு போதும். செய்தி மொழிபெயர்க்கிறவர்களும் ‘சுட்டிக்காட்டினார்’ என்ற சொல்லை எடுக்கும் முன் ஒரு நிமிடம் யோசிக்கட்டும், அப்படி எழுதினால் அவர் சொன்னது உண்மை என்று பத்திரிகையே ஒத்துக்கொண்டதாகிவிடும். ஆங்கில மூலத்தில் ‘கிளெய்ம்’ என்று இருந்தால், சொன்னதற்குத் தான் பொறுப்பில்லை என்று எழுதியவர் விலகி நிற்கிறார், அந்த இடத்தில் ‘என்று கூறிக்கொள்கிறார்’ என்றுதான் வர வேண்டும்.

முதல் சில வாரங்களுக்கான பாடங்களை எழுதித் தர நான் தயார், எனக்குத் தெரிந்த தமிழ் ரீச்சர் ஒருவரும் சேர்ந்து எழுதச் சம்மதித்திருக்கிறா. ஒரு வாரத்துக்கு எத்தனை வரி இடம் தருவீர்கள் என்று மட்டும் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியை ஒருவர்,
முள்ளியவளை.